ஓவர்ஃப்ளோ பாட்டிலிலிருந்து பிரஷர் டேங்க்குக்கு: ஒரு கூலிங் மாற்றத்தின் முழு ஆய்வு

எடுத்துக்கொண்ட வண்டி 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் அமைப்பு. ரேடியேட்டரின் கழுத்தில் 0.9 பார் (அழுத்தத்தின் அளவு) மூடி, பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் ஓவர்ஃப்ளோ பாட்டில், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒல்லி ஹோஸ். இன்ஜின், ரேடியேட்டர், ஹீட்டர் எல்லாம் சேர்த்து 6.5 லிட்டர் கூலன்ட் (இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்) பிடிக்கும்.

புகார் இதுதான். சமதளத்தில் டெம்பரேச்சர் முள் அசையாது. ஏசி போட்டுக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறினால் முள் முக்காலுக்குப் போகிறது. வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் பாட்டில் விளிம்பு வரை நிரம்பி வழிகிறது. மறுநாள் காலை பாட்டில் நிறைந்தபடியே இருக்கிறது, ஆனால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு விரல் அளவு காலி. ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கிறது. தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு) மாற்றியாகிவிட்டது, ரேடியேட்டர் கழுவியாகிவிட்டது. பாட்டிலைத் தூக்கிவிட்டு பிரஷர் டேங்க் (கூலன்ட் சுற்றோடே சேர்ந்து, அழுத்த மூடியைத் தன் மேலேயே தாங்கும் டேங்க்) வைத்தால் சரியாகுமா என்பது உரிமையாளரின் கேள்வி.

பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வேலையில் இறங்க வேண்டும். டேங்க் இன்ஜினைக் குளிரவைப்பதில்லை. சூட்டை வெளியே தள்ளுவது ரேடியேட்டரும் பேனும். டேங்க்கின் வேலை கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரித்தெடுப்பதும், வாட்டர் பம்பின் உறிஞ்சு வாயில் எப்போதும் திரவம் நிற்கச் செய்வதும்தான்.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பாட்டில் நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருப்பது மிகத் தெளிவான தடயம். சூடாகும்போது வெளியே தள்ளிய கூலன்ட்டை, ஆறும்போது திரும்ப இழுக்க முடியவில்லை என்று அர்த்தம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு: மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வேக்குவம் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஒல்லி ஹோஸ் விரிசல் விட்டு, கூலன்ட்டுக்குப் பதில் காற்றை இழுக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு உள்ளே நுழைந்துகொண்டே இருக்கலாம்.

மூடியைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்து பித்தளைப் பொட்டை நகத்தால் இழுத்துப் பாருங்கள். லேசாக வந்து, விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் கழுத்தின் விளிம்பு பதிந்து ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அந்த மூடி எழுதியுள்ள அழுத்தத்தைத் தாங்காது. ஒல்லி ஹோஸை இரு முனைகளிலும் வளைத்துப் பார்க்க வேண்டும். கழுத்து நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய் முனை) மாட்டியிருக்கும் கடைசி ஒரு சென்டிமீட்டரில்தான் வெடிப்பு இருக்கும். வளைக்காமல் பார்த்தால் கண்ணுக்குப் படாது. பாட்டிலுக்குள் ஹோஸின் முனை கூலன்ட் மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஆறிய இன்ஜினில் கைப்பம்ப் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு ஏற்றி 15 நிமிடம் நிறுத்த வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. வெளியே ஈரம் இல்லாவிட்டால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) இருக்கும் பக்கத்துக் கால்விரிப்பைத் தொட்டுப் பாருங்கள்.

ஹெட் கேஸ்கெட் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ரேடியேட்டரில் மட்டத்தை ஐந்து சென்டிமீட்டர் இறக்கிவிட்டு, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கழுத்துக்கு மேலே சேரும் காற்றை நீலத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாய் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் பெட்ரோல் வண்டியில் அந்த நீலம் மஞ்சளாகும். மட்டத்தை இறக்காமல் செய்தால் கூலன்ட்டே குழாய்க்குள் ஏறி முடிவைக் கெடுத்துவிடும். மஞ்சள் வந்தால் டேங்க் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கேஸ்கெட் போன இன்ஜினுக்கு பிரஷர் டேங்க் வைத்தால், நோய் சில வாரம் மறைந்து, ஹெட் வளைந்த பிறகுதான் வெளியே வரும். கருவி இல்லையென்றால் எளிய அறிகுறி ஒன்று உண்டு: இரவு முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு சீக்கிரம் வெறும் சூட்டால் அழுத்தம் ஏறாது.

இந்த வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது. மூடியின் ரப்பரில் பள்ளம், ஒல்லி ஹோஸில் வெடிப்பு, இரண்டும் கிடைத்தன. இவற்றை மாற்றியதும் பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்தால் டேங்க் தேவையே இல்லை. இங்கே வழிவது நின்றது, ஆனால் சலசலப்பும் முள்ளின் ஆட்டமும் நிற்கவில்லை.

காரணம் உயரத்தில் இருந்தது. உள்ளே தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல ஒரு முனையை ரேடியேட்டர் கழுத்திலும் மறுமுனையை சிலிண்டர் ஹெட்டிலிருந்து கூலன்ட் வெளியேறும் வளைகுழாயான எல்போவிலும் பிடித்துப் பார்த்தால், எல்போ ஆறு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. பானெட் தாழ்ந்து ரேடியேட்டர் சிறியதாக வந்த வண்டிகளில் இது சகஜம். காற்று எப்போதும் உச்சிக்குத்தான் போகும். மூடியோ உச்சியில் இல்லை. ஆகவே ஹெட்டில் சேரும் காற்று மூடிவரை வருவதேயில்லை. ஹீட்டர் குழாய்க்குள் போய்ச் சலசலக்கிறது, பம்பின் வேகம் கூடும்போது நுரையாகிச் சுற்றுகிறது. நுரை சூட்டைச் சரியாகக் கடத்தாது. எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையைச் சுற்றி ஒரு காற்றுப் பை நின்றால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். டெம்பரேச்சர் சென்சார் அந்தப் பைக்குள் மாட்டினால் முள் பொய் சொல்லும், சில நேரம் குறைத்தே காட்டும்.

டேங்க் எவ்வளவு பெரிது வேண்டும்

பெரும்பாலான மாற்றங்கள் கெடுவது இங்கேதான். இருக்கும் இடத்துக்கு ஏற்ற டேங்க்கைத் தேடுகிறார்கள். விரிவுக்கு ஏற்ற டேங்க்கைத் தேட வேண்டும்.

பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணீர் கலந்த கூலன்ட், ஆறிய நிலையிலிருந்து ஓடும் சூட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 5 சதவீதம் விரியும். கணக்குக்கு 6 என்று எடுத்துக்கொள்வது நல்லது. முதலில் 2 லிட்டர் டேங்க்கைப் பார்ப்போம். பாதி நிரப்பினால் 1 லிட்டர் கூலன்ட், 1 லிட்டர் காற்று. மொத்தக் கூலன்ட் 7.5 லிட்டர், விரிவு 0.45 லிட்டர். 1 லிட்டராக இருந்த காற்று 0.55 லிட்டருக்குள் நெருங்க வேண்டும். 30 டிகிரியில் இருந்த அந்தக் காற்று 85 டிகிரிக்கும் போகிறது. நெருக்கமும் சூடும் சேர்ந்து வெளிக்காற்றுக்கு மேல் ஏறத்தாழ 1.15 பார். கூலன்ட்டின் ஆவி அழுத்தம் 0.45 பார் அதன் மேல் சேரும். மொத்தம் 1.6 பார். டேங்க்குக்கு எடுத்த மூடி 1.1 பாரில் திறந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்றைத் துப்பி, ஒவ்வொரு இரவும் திரும்ப இழுக்கும். மூடியின் ரப்பர் சீக்கிரம் போகும், சில நேரம் காற்றோடு கூலன்ட்டும் போகும்.

இதே கணக்கை 3 லிட்டர் டேங்க்குக்குப் போடுங்கள். ஆறிய நிலையில் 1.2 லிட்டர் கூலன்ட், 1.8 லிட்டர் காற்று. விரிவு 0.46 லிட்டர். காற்று 1.34 லிட்டராகிறது. அழுத்தம் 0.6 பாருக்குச் சற்றுக் குறைவு, ஆவி 0.45, மொத்தம் 1 பாரை ஒட்டி நிற்கும். 1.1 பார் மூடி வாய் திறக்காமலே ஓடும். உண்மையில் ஹோஸ்கள் கொஞ்சம் உப்பிக்கொடுப்பதால் இதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே 3 லிட்டர் தேர்வானது.

பழைய ஓவர்ஃப்ளோ பாட்டிலையே அழுத்த மூடி போட்டு இணைப்பதைப் பலர் முயல்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. அந்த பாட்டில் வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்துக்கு மட்டும் செய்த மெல்லிய பாலிபுரொப்பிலீன். சூட்டில் இளகி, தையலில் பிளந்து, கொதிக்கும் கூலன்ட்டை முகத்தில் அடிக்கும். பிரஷர் டேங்க்கோடு வந்த வேறொரு காரின் கண்ணாடியிழை கலந்த நைலான் டேங்க்கை அதன் சொந்த மூடியோடு பயன்படுத்தலாம். இல்லையென்றால் அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் செய்துகொள்ளலாம், தகடு 2 முதல் 3 மி.மீ. வரை. வடிவம் உருளையாக இருந்தால் நல்லது. தட்டைச் சுவர் எவ்வளவு வாங்குகிறது என்று பாருங்கள்: 20க்கு 15 சென்டிமீட்டர் பக்கம் ஒன்றின் மேல் 1.1 பார் அழுத்தம் என்றால், 330 கிலோவுக்கு மேல் பாரம் வைத்ததற்குச் சமம். பெட்டி வடிவம்தான் இடத்தில் பொருந்தும் என்றால், உள்ளே குறுக்குத் தடுப்பு ஒன்றை இரு சுவரோடும் சேர்த்து வெல்டு செய்ய வேண்டும். அது சுவரையும் பிடித்துக்கொள்ளும், நுரை நேராக அடிவாய்க்குப் போவதையும் தடுக்கும். தடுப்பின் அடியில் கூலன்ட் கடக்கவும் மேலே காற்று கடக்கவும் வழி விட மறக்கக் கூடாது.

வெல்டு ஆனதும் டேங்க்கை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் 2 பார் ஏற்றி 10 நிமிடம் சோதிக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் சோதிப்பது ஆபத்து. தண்ணீர் நிறைந்த டேங்க் பிளந்தால் ஒரு துளி சொட்டும், காற்று நிறைந்த டேங்க் பிளந்தால் துண்டுகள் பறக்கும்.

மூடி

0.9இலிருந்து 1.1 பாருக்குப் போவதோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு. 1.1 பாரில் பாதிக்குப் பாதி கூலன்ட் 129 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும், அது போதும். 1.5 பார் மூடி போட்டால் கொதிநிலை இன்னும் ஏறும், ஆனால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் ஹீட்டர் கோரும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. மிகப் பலவீனமான இடம் எதுவோ அது உங்களுக்குப் பதில் மூடியாக வேலை செய்யும்.

ரேடியேட்டர் கழுத்தில் இருந்த பழைய அழுத்த மூடி போய்விட வேண்டும். ஒரே சுற்றில் இரண்டு அழுத்த மூடிகள் இருந்தால் குறைந்தது முதலில் திறந்து கூலன்ட்டைத் தள்ளும், பாட்டில் இல்லாததால் அது திரும்பி வராது. கழுத்துக்கு வால்வு எதுவும் இல்லாத, மேல் விளிம்பை மட்டும் மூடும் வெற்று மூடி போட்டோம். இப்படி மூடும்போது கழுத்தின் பக்கவாட்டு நிப்பிள் ரேடியேட்டரோடு நேரடித் தொடர்பில் வந்துவிடும். அதை அடைக்காமல் ரேடியேட்டரின் பிளீட் வாயாக, அதாவது காற்று வெளியேறும் வாயாக, எடுத்துக்கொள்ளலாம், தனியாகத் துளையிட வேண்டியதில்லை.

ஹோஸ்களின் ஓட்டம்

மூன்று இணைப்புகள். ஹெட் எல்போவின் உச்சியிலிருந்து டேங்க்கின் மேல் பகுதிக்கு ஒரு பிளீட் லைன், உள்விட்டம் 8 மி.மீ. ரேடியேட்டர் நிப்பிளிலிருந்து டேங்க்கின் மேல் பகுதிக்கு இன்னொன்று. டேங்க்கின் அடியிலிருந்து பம்பின் உறிஞ்சு பக்கத்துக்கு 19 மி.மீ. ஃபீட் ஹோஸ்.

இரண்டு பிளீட் லைன்களையும் ஒரு டீ (T வடிவ மூவழி இணைப்பு) போட்டு இணைத்து ஒரே ஹோஸாக டேங்க்குக்குக் கொண்டுபோகும் ஆசை வரும். ஹெட்டில் இருக்கும் அழுத்தமும் ரேடியேட்டரில் இருக்கும் அழுத்தமும் ஒன்றல்ல. டீ போட்டால் பலமான பக்கம் பலவீனமான பக்கத்துக்குள் தள்ளும், அந்தப் பக்கத்துக் காற்று வெளியேறாது. தனித்தனி நிப்பிள்தான்.

ஹெட்டிலிருந்து வரும் லைனில் 2.5 மி.மீ. துளையுள்ள பித்தளைக் கட்டை ஒன்றை நிப்பிளுக்குள் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். இந்தச் சின்ன உதிரிப்பாகத்தை விட்டுவிட்டுத்தான் பலர் மாற்றத்தையே பழிக்கிறார்கள். 8 மி.மீ. வாயின் பரப்பு 2.5 மி.மீ. துளையைப்போல் பத்து மடங்கு. கட்டை இல்லாவிட்டால் சூடான கூலன்ட் ரேடியேட்டரைத் தொடாமலே ஹெட், டேங்க், பம்ப் என்று குறுக்கு வழியில் சுற்றும். காலையில் இன்ஜின் சூடேறத் தாமதமாகும், ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். காற்று போக 2.5 மி.மீ. தாராளம். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் இந்த லைன் ஓடுவதால், நிரப்பும்போதே ஹெட்டின் காற்று வெளியேறிவிடும்.

ஃபீட் ஹோஸ் எங்கே சேர்கிறது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், பம்பின் வாயில் இருக்கிறது. கீழ் ஹோஸில் டீ போட்டால் தெர்மோஸ்டாட்டுக்கு வெளியே சேரும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவே கதவு மூடியிருக்கும். அதனால் ஹீட்டரின் திரும்பு குழாயில், பம்புக்கு மிக அருகில், 19 மி.மீ. டீ போட்டோம். அது தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேராகப் பம்பில் சேர்கிறது. ஹோஸ் டேங்க்கிலிருந்து டீ வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று குடியேறும்.

ஹோஸ் இபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். கையில் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸ் சூடான கூலன்ட்டில் நாள்பட இறுகி வெடிக்கும். குழாய் முனைகளில் புடைப்பு விளிம்பு வேண்டும். வழவழப்பான குழாயில் கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் சூட்டில் ஹோஸ் நழுவும். சிலிக்கான் ஹோஸ் போட்டால் உட்பக்கம் வழவழப்பான கிளாம்ப் வேண்டும், துளையுள்ள சாதாரணப் பட்டை அதை அறுத்துவிடும்.

டேங்க்கை வண்டியின் உடலில் மாட்ட வேண்டும், இன்ஜினில் அல்ல. ரப்பர் புஷ் வைத்து, இன்ஜின் ஆடும்போது இழுபடாதபடி ஹோஸ்களில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஆறிய நிலையின் கூலன்ட் மட்டம் ஹெட் எல்போவுக்கு மேலே வரும் உயரத்தில் பிராக்கெட் அமைய வேண்டும். பானெட் இடிக்குமா என்று பார்க்க, டேங்க்கின் மேலும் மூடியின் மேலும் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய தடிமனை அளக்கலாம். 10 மி.மீக்குக் குறைந்தால் பிராக்கெட்டை மாற்ற வேண்டும். மூடியின் வழிவு ஹோஸ் பெல்ட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தள்ளி, கீழே தரையைப் பார்த்து முடிய வேண்டும்.

நிரப்புதல்

பழைய கூலன்ட்டைத் தொட்டியில் பிடித்து மூடி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும்.

சுத்தமான தண்ணீரால் அலசிய பின் இன்ஜின் பிளாக்குக்குள் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் வெளியேறாமல் தங்கிவிடும். கலந்து வைத்த கூலன்ட்டை அதன் மேல் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். அதனால் கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்துவிட்டு, முதலில் 4 லிட்டர் அடர் கூலன்ட்டை (தண்ணீர் கலக்காதது) ஊற்ற வேண்டும். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் மொத்தம் 8 லிட்டரை ஒட்டி வரும். ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்வை அளக்கும் கருவி) உறைநிலை மைனஸ் 37 டிகிரி காட்டினால் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து ஒரே வகை என்று முடிவு செய்யாதீர்கள். பச்சையும் சிவப்பும் தயாரிப்பாளரின் விருப்பம், உள்ளே இருக்கும் துரு தடுப்பான் வேறாக இருக்கலாம்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டேங்க் மூடி திறந்தபடி மெதுவாக ஊற்ற வேண்டும். மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் பிசைந்தால் குமிழிகள் டேங்க்கில் வந்து வெடிப்பதைக் கேட்கலாம். டேங்க்கின் ஆறிய நிலைக் குறியில் மட்டம் நின்றதும் ஸ்டார்ட் செய்து நிமிடத்துக்கு 1500 சுற்றில் பிடியுங்கள். டேங்க்குக்குள் ஹெட் பிளீட் வாயைப் பாருங்கள். முதலில் துப்பும், பிறகு நுரையும் திரவமுமாக வரும், கடைசியில் பென்சில் முனை அளவு தெளிந்த ஒழுக்கு ஒன்று அறுபடாமல் விழும். அந்த ஒழுக்கு வந்ததும் மூடியைப் போட்டுவிட வேண்டும், கூலன்ட் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே. பேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விட்டு, அணைத்து, முழுக்க ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, அதுவரை கொதிக்காமல் இருந்த கூலன்ட் ஒரே நொடியில் பொங்கும். 

மாறியதும் மாறாததும்

சலசலப்பு முதல் நாளே நின்றது. மறுநாள் காலை மட்டம் குறியிலேயே இருந்தது, மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகும் அப்படியே. முள்ளின் ஆட்டம் போனது. ஆனால் ஏசியோடு ஏற்றம் ஏறும்போது முள் இன்னும் நடுவைத் தாண்டியது, நிதானமாக.

இது டேங்க்கின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம். ரேடியேட்டரின் மேல் நுழைவும் கீழ் வெளியேற்றமும் இரண்டும் சூடாக, வித்தியாசம் சிறியதாக இருந்தது. கூலன்ட் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை வாங்கவில்லை. ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கங்களில் இருக்க வேண்டிய ஃபோம் பட்டைகள் உதிர்ந்துபோயிருந்தன. பேன் உறிஞ்சும் காற்றில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் கடக்காமல் ஓரமாக நழுவியது, நிற்கும்போது இன்ஜின் அறையின் சூடான காற்றே முன்னால் சுற்றி வந்தது. இடைவெளிகளை ஃபோம் பட்டையால் அடைத்து, கன்டென்சர் இதழ்களுக்கு இடையே அப்பியிருந்த பூச்சியையும் மண்ணையும் பின்பக்கமிருந்து குறைந்த அழுத்தத் தண்ணீரால் வெளியேற்றியதும் முள் நடுவில் நின்றது. செலவே இல்லாத வேலை, ஆனால் காற்றுப் பை தீர்ந்த பிறகுதான் இது தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் யோசனையை இந்த இடத்தில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இன்ஜின் சூடேறாமல் அதிகப் பெட்ரோல் குடிக்கும், பைபாஸ் வழி (ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் வழி) திறந்தே கிடக்கும் இன்ஜின்களில் கூலன்ட்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாது.

முதல் 500 கிலோமீட்டரில் ஹோஸ்கள் கிளாம்ப்பின் கீழ் அமுங்கி உட்காரும், அப்போது எல்லாக் கிளாம்ப்பையும் ஆறிய இன்ஜினில் ஒரு முறை முறுக்கிவிடுங்கள். அதே சமயம் டேங்க்கில் மட்டம் குறிக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தால் மறைந்திருந்த கடைசிக் காற்று வந்து சேர்ந்திருக்கிறது, நிரப்பினால் போதும். மறுபடியும் இறங்கினால் கைப்பம்ப் டெஸ்டரை எடுக்க வேண்டும்.